முன்சக்கரத்தின் எடை

சென்னியப்பன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவர். இடுப்பு வலி வந்து, இனி நெடுந்தூரம் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தொரு வயதில் மரகதத்திடம் தொழில் கற்கச் சேர்ந்தார். மரகதம் அவரைவிட ஒன்பது வயது இளையவள். சங்ககிரி பைபாஸில் கமான் பட்டை கட்டும் பட்டறை அவளுடையது. வண்டியின் பாரத்தைத் தாங்கும் அந்த வளைந்த இரும்புப் பட்டைகளை எத்தனை அடுக்குவது, எந்தக் கனத்தில் அடுக்குவது என்பதில் அவள் சொன்னதுதான் அந்த வட்டாரத்தில் முடிவு.

எட்டு மாதத்தில் தொழில் கைக்கு வந்துவிட்டது என்று சென்னியப்பன் நினைத்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தோணிசாமி வந்தார். ஊர் ஊராகத் திருவிழாவுக்கு ராட்டினம் கொண்டுபோகிறவர். ஒரு சின்ன லாரி, அதன் பின்கொக்கியில் மாட்டிய டிரெய்லர். ராட்டினத்தை முழுசாகப் பிரித்து டிரெய்லரில் அடுக்கியிருந்தார். மூன்றரை டன். லாரியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சனிக்கிழமை ஏற்காடு ஏறணுமுங்க. வீட்டுக்காரி, ரெண்டு பொண்ணுங்க எல்லாரும் இதே வண்டியிலதான். இப்படி உக்காந்துக்கிட்டே போனா மேல சேருமா? காத்துப் பை போடச் சொல்றான் ஒருத்தன். ரப்பர் கட்டை வைங்கறான் இன்னொருத்தன்."

சென்னியப்பன் குனிந்து ஒருமுறை பார்த்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க. பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூட்டினா வண்டி கல்லு மாதிரி நிக்கும்."

பிறகு மரகதத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் உலைப் பக்கம் வேலையாக இருந்தாள்.

"அம்மணி, நான் சொன்னது சரிதானுங்களே?"

"நீங்க பாத்தீங்க, நீங்க சொன்னீங்க. செய்யுங்ணா. ஆனா வண்டிய அவருகிட்டக் குடுக்கறதுக்கு முந்தி டிரெய்லரோட நீங்களே ஓட்டிப் பாத்துட்டு வாங்க. மெதுவாப் போங்க."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. லாரி மட்டம் வைத்த மாதிரி நேராக நின்றது. அந்தோணிசாமி கைகூப்பிவிட்டார். சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கிளம்பினார்.

ரயில்வே பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. பல நூறு தடவை ஓட்டிய வளைவு. ஸ்டியரிங்கை ஒடித்தார். கையில் எதுவுமே தட்டுப்படவில்லை. காற்றைத் திருப்புகிற மாதிரி இருந்தது. வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போனது. எதிரே ஒரு பால் வண்டி. பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போய், தடுப்புக் கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பால் வண்டிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே கடந்து போனான்.

 சென்னியப்பன் ஊர்ந்த மாதிரி ஓட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

"என்னங்ணா?" என்றாள் மரகதம்.

"வளைவுல வண்டி திரும்பவே இல்லீங்க அம்மணி. ரெண்டு பத்தாது. மூணாப் போடோணும்."

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். 

"வாங்க, எடை மேடைக்குப் போலாம்."

எடை மேடை நாலு கட்டடம் தள்ளி இருந்தது. மரகதமே வண்டியை ஓட்டினாள். முன்சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி நிறுத்தினாள். பலகையில் ஆயிரத்துப் பத்து கிலோ என்று விழுந்தது.

"டிரெய்லரக் கழட்டுங்ணா."

கழற்றினார்கள். லாரியை அதே இடத்தில் நிறுத்தினாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது.

"இருநூத்து முப்பது கிலோ எங்க போச்சு?"

சென்னியப்பன் பலகையையே பார்த்தார். "பின்னாடி கொக்கியில டிரெய்லர் அமுத்துது. அதனால முன்னாடி தூக்குது. ஆனா இப்பத்தான் பட்டை போட்டு நேராக்கிட்டமேங்க. வண்டி மட்டமா நிக்குதுங்களே."

"பட்டையக் கழட்டிட்டு மறுபடி டிரெய்லர மாட்டி, எடை பாருங்க."

"காலையில போட்டதுங்களா?"

"ரெண்டையுமுங்ணா."

அது இரண்டு மணி நேர வேலை. சென்னியப்பனே செய்தார். முடிந்த வேலை கண்ணெதிரே பிரிக்கப்படுவதைப் பார்த்து அந்தோணிசாமி தவித்துப்போய்ப் பக்கத்திலேயே நின்றார். டிரெய்லரை மாட்டியதும் லாரி மறுபடி மூக்கைத் தூக்கிக்கொண்டது. அதே கோலத்தில் மேடைமேல் ஏற்றினார்கள்.

ஆயிரத்துப் பத்து.

சென்னியப்பன் வண்டியை இறக்கி, மேடையைத் தூசு தட்டி, மறுபடி ஏற்றி எடை போடச் சொன்னார். பலகை மாறவில்லை.

"பட்டை இருந்தாலும் அதே எடை, இல்லாட்டியும் அதே எடைங்களா?"

"பட்டை உசரத்தைத்தான் கூட்டுமுங்ணா, முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்கற எடையக் கூட்டாது," என்றாள் மரகதம். டிரெய்லரைச் சுற்றி நடந்தாள். மூக்குப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில், ராட்டினத்தைச் சுற்றும் மோட்டாரும் கியர் பெட்டியும் இருந்தன. வால் பக்கம் பூராவும் மரக்குதிரைகள்.

"இதை ஏனுங்க முன்னாடி வெச்சிருக்கீங்க?"

"மழையில நனையக் கூடாதுங்களே," என்றார் அந்தோணிசாமி.

"தார்ப்பாய் போட்டா நனையுமா?"

"நனையாதுங்க. தினம் கட்டி அவுக்கோணும். அதான் சோம்பல்."

பட்டறைக்குத் திரும்பி, செயின் பிளாக்கில் மோட்டாரைத் தூக்கினார்கள். சென்னியப்பன் அதை நேராக வால் பக்கம் கொண்டுபோகச் சொன்னார். மரகதம் கை காட்டி நிறுத்தினாள். "அங்க வெச்சா டிரெய்லர் வாலாட்டும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அப்படி இடமும் வலமுமாக வாலாட்டிய ஒரு டிரெய்லரை ஓசூர் தாண்டி அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாண் அப்படி இப்படி நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் மேடைக்கு ஓட்டிப்போய் எடை பார்த்து, கடைசியில் அவரே இடம் பிடித்தார். ஆயிரத்து நூற்று அறுபது.

"இப்ப ஓட்டுங்ணா."

ரயில்வே பால வளைவை அவர் மூன்று தடவை சுற்றி வந்தார். மூன்றாவது தடவை வேண்டுமென்றே பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அந்தோணிசாமி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், இறங்கும்போது சிரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிட்டோம், ஒரு இடத்தில் கூட வண்டி முரண்டு பிடிக்கவில்லை, பொண்ணுங்க பாதி வழி தூங்கிக்கொண்டே வந்தார்கள் என்றார் அந்தோணிசாமி. பேசிக்கொண்டிருக்கும்போதே, ஏரிக்கரையில் நிறுத்திய லாரியைப் படம் எடுத்து அனுப்பினார்.

சென்னியப்பன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு மரகதத்திடம் போனார்.

"அம்மணி, இன்னும் ரெண்டு விரக்கடை பின்னாடி உக்காந்துதானுங்க இருக்குது. பாக்கறவனுக்கு பாரம் தெரியுதே. திரும்பி வரும்போது ஒரே ஒரு பட்டை போட்டு அதையும் நேராக்கிடலாமுங்களா?"

மரகதம் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"மூணரை டன்னை மலைமேல இழுத்துக்கிட்டுப் போயிருக்குதுங்ணா. அது தெரியக் கூடாதுங்களா?"

சென்னியப்பன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.