புள்ளிச்சி ஊரைக் கூட்டிய கதை

"இரண்டு ஆள் தீனி தின்கிறது. முட்டையும் காணோம், வெட்டவும் விடமாட்டேன் என்கிறாய். இது கோழியா, என் மாமியார் வீட்டு விருந்தாளியா?"

புருஷன் சங்கன் சொன்னதை வடிவு ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள். "இப்படித்தானே கேட்டீர்கள் மாமா? இன்னும் உரக்கக் கேளுங்கள். புள்ளிச்சி காதிலும் விழட்டும்."

கோழிக்கும் குருவிக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில் நடந்தது இது. அதுவரை கோழி என்றால் காட்டில் திரியும், கையில் சிக்கினால் குழம்பாகும், அவ்வளவுதான். அதைப் பஞ்சாரம் என்ற மூங்கில் கூண்டில் அடைத்து வீட்டில் வளர்த்த முதல் ஆள் வடிவு. "முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும்" என்று தெருவெல்லாம் பெருமையடித்தவளும் அவளே. புள்ளிச்சியும் லேசுப்பட்டவள் அல்ல. நல்ல கனம், அதைவிட நல்ல குணம். கூப்பிடாமலே மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

வந்த புதிதில் வடிவு வைத்த கூடையில்தான் முட்டையிட்டாள். வடிவுக்கோ கோழி வளர்ப்பு புதுசு. கண்ணில் பட்டதை எல்லாம் துடைத்து எடுத்தாள். அப்புறம் கூடை காலியாகவே கிடந்தது.

"என் அக்கா விருந்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். மசாலா அரை" என்று சங்கன் அரிவாள் தீட்ட உட்கார்ந்தான்.

வடிவு கொல்லைக்கு ஓடினாள். விறகு அடுக்குக்குப் பின்னால் புள்ளிச்சி பதுங்கியிருந்தாள். தூக்கிப் பார்த்தால், அடியில் குவியலாக முட்டை!

"அடிப்பாவி! இத்தனையும் வைத்துக்கொண்டா ஊமையாக இருந்தாய்? அங்கே அரிவாள் தீட்டுகிறார்!"

"சொன்னால் விட்டுவைப்பாயா அக்கா? எனக்கென்று ஒன்றாவது கூடையில் மிச்சம் வைத்தாயா? வெறுங்கூடையில் எவள் வந்து உட்காருவாள்?"

வடிவுக்குச் சுருக்கென்றது. "சரி, தப்பு என்னுடையது. இனி ஒன்றை விட்டுத்தான் எடுப்பேன். ஆனால் நீயும் ஒன்று தெரிந்துகொள். அடக்கமாக இருந்தால் அடுப்புக்குத்தான் போவாய். செய்ததைச் சொல்லிக் காட்டு!"

புள்ளிச்சி விறகின் உச்சியில் ஏறிக் கழுத்தை நீட்டினாள். "இட்டேன்! இட்டேன்! நான்தான் இட்டேன்!"

தெருவே திரண்டது. சங்கன் அரிவாளும் கையுமாக வந்து, முட்டைக் குவியலைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அப்போதுதான் வந்து சேர்ந்த அவன் அக்கா முகவாயில் கைவைத்தாள். "இதையாடா வெட்டப் போனாய்? உன்னைப் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்க்க வேண்டும்!"

விருந்துக்கு முட்டைக் குழம்பு கொதித்தது. அரிவாள் பரணுக்குப் போனது. புள்ளிச்சி மட்டும் நிறுத்தவில்லை. கத்திய கத்தில் சொற்கள் தேய்ந்து "கெக்... கெக்... கெக்கே" மட்டும் மிஞ்சியது. பெருமை ஒரு துளியும் தேயவில்லை.

முட்டையிட்ட கையோடு கோழி ஊரைக் கூட்டுவதும், நாம் கூடையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுப்பதும் அன்று தொடங்கிய வழக்கம்தான்.

மறுநாள் மத்தியானம், கண்ணயர்ந்த சங்கன் திடுக்கிட்டு எழுந்து விறகு அடுக்கைப் பார்த்துக் கைகூப்பினான்.

"தாயே, கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா?"