மேல்தண்ணி மீன்

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலையும் காக்க ஓர் ஒப்பந்தம் வந்துவிட்ட காலம் அது. கடலடி மலையில் வலை இழுத்தால் கப்பலே பறிபோகும். கேப்டன் ரெஜினால்டு இழுத்தார். நூறாண்டுப் பவளம் நொறுங்கி வந்தது.

சோதனைப் படகு தெரிந்ததும் வலையை அறுத்துக் கடலில் விட்டார். பிடித்த மீன்களோ தலை வெட்டி உறைந்து கிடந்தன. சமையல்காரன் சிலுவைதாசனைக் கூப்பிட்டார். அவன் பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருந்தது.

“ஏலே, மேல்தண்ணியில தூண்டில் போட்டுப் பிடிச்சதுன்னு சொல்லு. மாத்திச் சொன்னா ஊரைக் கனவுலதான் பாப்ப.”

சோதனைப் படகில் வந்த அதிகாரி யாழினி திருகோணமலைக்காரி. கப்பல் முழுக்கத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியாகச் சமையலறைக்கு வந்தாள்.

“இந்த மீன் எங்க பிடிச்சது?”

சிலுவைதாசன் குழம்புக்கு வைத்திருந்த முழு மீனைத் தூக்கினான். கண்கள் பிதுங்கியிருந்தன. இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளியிருந்தது.

“மேல்தண்ணியிலதாம்மா. ரெண்டு முழம் ஏறினதுக்கே, ஆயிரம் முழம் ஆழத்துலேர்ந்து இழுத்த மாதிரி குடலைக் கக்கிட்டு, பாவம்!”

“பொய் சொல்லுதான்!” என்று கத்தினார் கேப்டன்.

“ஆமா கேப்டன், நீங்க சொல்லித்தந்த பொய். உங்க பெட்டியில இருக்குற என் பாஸ்போர்ட்டைத் தந்தா மெய்யும் சொல்லுவேன்.”

யாழினி திரும்பினாள். “பெட்டியை இங்க கொண்டுவந்து திறவுங்கோ.”

உள்ளே பதினான்கு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. சமையலறை வாசலில் கப்பலின் மற்ற வேலையாட்கள் ஒவ்வொருவராகப் பதின்மூன்று பேர் வந்து நின்றார்கள்.