உப்புப் பாடம்

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மறுபடியும் மாணவராவது லேசான காரியமில்லை. பெருமாள் சார் ஆனார். முதியோர் வகுப்பு நடத்திப் பழகிய, தன்னைவிட வயதில் இளையவரான ரூபாவதி டீச்சரிடம் போய், "பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் எனக்குத் தெரியும். பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுக்க நீங்க கத்துத் தாங்க" என்று கேட்டுச் சேர்ந்தவர்.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளக் குடியிருப்பில் அவர் சாயங்கால வகுப்பு நடத்தினார். தாயும் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை வாசிக்கிற வகுப்பு. புத்தகத்தை அவரே தேடிப் பிடித்திருந்தார். முதல் பாடம் பாத்தி. அடுத்தது வரப்பு. அதற்கடுத்தது உப்பு வாருதல். படிக்கிறவர் வாழ்க்கையிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அவர் சொன்ன சொல் தட்டாதவர்.

ஆனால் வகுப்பு தேய்ந்துகொண்டே வந்தது. முதல் நாளே முதல் ஆளாக வந்து உட்கார்ந்த சொர்ணக்கனியும் மகள் அபிஷாவும்கூட நின்றுவிட்டார்கள். கேட்டால், "உடம்புக்கு முடியல சார்" என்றாள் சொர்ணக்கனி. மகளின் பள்ளிக்கூடத்தில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு வந்தவள் அவள். தன் பெயரில் 'சொர்ண' வரைக்கும் எழுதியிருந்தாள். மீதியை எழுதாமலே போய்விட்டாள். பெருமாள் சாருக்கு அது மனதை அறுத்தது.

திங்கட்கிழமை தொடங்கும் அடுத்த வருட வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்று மறுநாள் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் வருடம் முழுக்க அதுதான். இந்தத் தடவையும் தவறினால் பாயைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

மாதிரிப் புத்தகங்களைப் பையில் அள்ளிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், எந்தப் புத்தகத்தை எடுக்க?"

டீச்சர் டீ கொடுத்தார். கூடவே கனத்த புத்தகம் ஒன்றையும் கொடுத்தார்.

"வாசிச்சிக்கிட்டு இருங்க. சேலை மாத்திட்டு வந்துருதேன்."

தலைமையாசிரியர்களுக்கான வழிகாட்டி அது. வருகைப் பதிவு, சத்துணவு, ஆண்டு ஆய்வு. பெருமாள் சார் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

டீச்சர் திரும்பி வந்தார். "ஏன் சார் மூடிட்டீங்க? உங்க வாழ்க்கைதான இது?"

"காலம் பூரா இதுலதான் மாரடிச்சாச்சு டீச்சர். ரிட்டையர் ஆகியும் இதையா வாசிக்கணும்?"

சொல்லி முடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். சொர்ணக்கனி பாதியில் விட்டுப்போன உப்புப் பாடம் நினைவுக்கு வந்தது.

"வாங்க, சொர்ணக்கனி வீட்டுக்குப் போவோம்" என்றார் டீச்சர்.

சொர்ணக்கனி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவளை டீச்சர் அமர்த்தினார். பையைத் தரையில் கவிழ்த்தார். எடு என்றும் சொல்லவில்லை, படி என்றும் சொல்லவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அபிஷா எல்லாவற்றையும் கிளறி ஒன்றைத் தூக்கினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பனிக்கரடி நடந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை."

சொர்ணக்கனி நிமிர்ந்தாள். "எங்க, காட்டு." படத்தை உற்றுப் பார்த்தாள். "நம்ம அளம் கணக்கால்ல இருக்கு. இதுக்குக் கண்ணு கூசாதா?"

"தெரியலம்மா. போடல."

"அடுத்த பக்கத்துல போட்டிருக்கும். நல்லாப் பாரு."

"நீயும் பாரேன்."

பெருமாள் சாருக்கு வாய் நமநமத்தது. கரடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டீச்சர் தண்ணீர்ச் செம்பை அவர் கையில் திணித்தார். அவர் குடிக்க வேண்டியதாயிற்று.

சொர்ணக்கனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்துமேல் விரலை வைத்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"க... ண்... கண். இங்கன இருக்கு பாரு. மேல நீ வாசி."

தாயும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். வந்தவர்கள் எழுந்தபோதுகூட நிமிரவில்லை.

"இந்தப் புத்தகம்னா திங்கக்கெழம வாறோம் சார்" என்றாள் சொர்ணக்கனி, விரலை எடுக்காமல்.

தெருவில் இறங்கியதும் பெருமாள் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய புத்தகம் மனதை விட்டுப் போகவில்லை. ஆசையாய்த் தேர்ந்தெடுத்தது. கட்டுக் கட்டாக மிச்சம் கிடக்கிறது.

"டீச்சர், உப்பளப் புத்தகத்துல தப்பு ஒண்ணுமில்லயே. காலு வெடிக்கிறது, கண்ணு மங்கிப் போறது எல்லாம் உள்ளது உள்ளபடிதான போட்டிருக்கு. அதை என்ன செய்ய?"

"அளத்து மொதலாளிக்குக் குடுங்க சார்" என்றார் டீச்சர். "அவருக்குத்தான் அது இன்னும் தெரியாது."