தனியே கிடந்த குட்டி

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்தாறு. தாங்கள் குருவும் சீடரும் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

குருவின் பெயர் ஆரணி. இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றை ஒட்டியிருக்கும் சிறு காட்டைப் பராமரிப்பது அவள் வேலை. சீடர் தவமலர், இலங்கையின் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். மகன் சேந்தனோடு இருக்கலாம் என்று வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், எங்காவது நடக்கச் சொல்லுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால் புதன்கிழமைகளில் காட்டுக்கு உதவிக்கு வருவார்.

முதல் நாள் வந்தபோது காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"மிச்சக் காடு எங்கை பிள்ளை?"

"இவ்வளவுதான் அன்ரி. ஒன்பது ஏக்கர்."

"எங்கடை பக்கத்திலை இதுக்குப் பேர் வீட்டு வளவு."

அப்படிச் சொன்னவர் ஒரு புதன்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. யானையும் கரடியும் இல்லாத காடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. மரங்கொத்தி கொத்தினால், "ஆரோ கதவு தட்டுறான், போய்த் திற" என்பார். ஒற்றையடிப் பாதை ஓரத்தில் ஊர்க் காஞ்சோண்டி போலவே ஒரு செடியைக் கண்டு, கையில் பட்டுச் சுணைத்தபோது, "இதுக்கும் விசா குடுத்திருக்கிறாங்கள்" என்றார்.

நிறையக் கேள்வி கேட்பார். ஆரணி பதில் சொல்வதில்லை. கேட்டவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். வேலை முடிவதற்குள் பதில் எங்காவது தட்டுப்படும். சில நாள் தட்டுப்படாது. அதற்காக அவள் கவலைப்பட்டதும் இல்லை.

அன்று ஜூன் மாதத்து முதல் புதன். வசந்தத்து நீலப் பூக்கள் முடிந்து, பன்னம் என்னும் பெரணிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. மரங்களில் கட்டியிருந்த பறவைப் பெட்டிகளைப் பார்த்து, எதில் குஞ்சு இருக்கிறது என்று குறித்துவர வேண்டும். தவமலர் காலையிலிருந்து ஒரு பகிடியும் விடவில்லை.

"என்ன அன்ரி, சுகமில்லையோ?"

"நான் ஊருக்குப் போறன் பிள்ளை. சேந்தன் இண்டைக்குப் பின்னேரம் டிக்கெட் போடுறான்."

"எப்ப திரும்பி வாறியள்?"

"வரேல்லை."

ஆரணி தோளில் இருந்த சிறு ஏணியைக் கீழே இறக்கி வைத்தாள்.

தவமலர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள். பதினொரு வயது. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சேந்தன் தட்டுக் கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"'இவளின்ரை வயசிலைதானே அம்மா என்னை அனுப்பினீங்கள். எயாப்போட் போற வானுக்குள்ளை ஏறிப்போட்டுத் திரும்பிப் பாத்தன். நீங்கள் போயிட்டீங்கள்' எண்டான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் டிக்கெட் போடச் சொன்னன். 'சரி அம்மா' எண்டான்."

ஆரணிக்கு மீதிக் கதை தெரியும். சண்டைக் காலத்தில் தவமலர் மகனை வன்னியிலிருந்து கொழும்புக்குக் கூட்டிவந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நான்கு நாள் வைத்திருந்தார். அங்கிருந்து, வெளிநாட்டுக்கு ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் அவனை வேறொரு பெண்ணின் மகன் என்று சொல்லி விமானம் ஏற்றினான். தாய் மகனை மறுபடி பார்த்தது இருபத்தைந்து வருடம் கழித்து, இங்கே விமான நிலையத்தில். இருவரும் அடையாளம் தெரியாமல் ஒருவரையொருவர் தாண்டிப்போய்விட்டுத் திரும்பி வந்தார்களாம்.

"நீ காட்டிலை எல்லாத்தையும் பாக்கிறனி" என்றார் தவமலர். "சொல்லு பாப்பம். குட்டியை விட்டிட்டுப் போன தாயைத் தாய் எண்டு சொல்லலாமோ?"

ஆரணி ஏணியை மறுபடி தோளில் வைத்தாள்.

"அந்த வாளியைத் தூக்குங்கோ அன்ரி. இன்னும் நாலு பெட்டி பாக்கவேணும்."

தவமலர் வாளியைத் தூக்கினார். இவளிடம் கேட்டதே பிழை என்று நினைத்தார்.

இரண்டாவது பெட்டிக்குப் போகும் வழியில், பன்னத்தை விலக்கிக் கால் வைக்கப்போனவர் அப்படியே நின்றார். காலடியில் ஒரு மான்குட்டி கிடந்தது. பிறந்து மூன்று நான்கு நாள் இருக்கும். முதுகில் வெள்ளைப் புள்ளிகள். கழுத்தைத் தரையோடு வைத்து, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தது. ஓடவில்லை. மூச்சு விடுவதுகூட உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"ஐயோ, தாய் இல்லை" என்றார் தவமலர்.

வாளியை வைத்துவிட்டு, போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன செய்யிறியள்?"

"சுத்தித் தூக்கத்தான். உன்ரை வான் நிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவம். ஆட்டுப்பால் கிடைக்குமோ இஞ்சை?"

"தொடாதேங்கோ அன்ரி."

"உனக்குத் தெரியாது. எங்கடை பக்கத்திலை குட்டி தனியக் கிடந்தால் தாய்க்கு வெடி விழுந்திட்டுது எண்டு அர்த்தம். அப்பா இப்பிடி ஒண்டைக் கொண்டுவந்தவர். நான்தான் பால் பருக்கினனான்."

"அது வளந்ததோ?"

தவமலர் சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ரெண்டு கிழமையிலை செத்துப்போச்சு."

ஆரணி சட்டையை வாங்கி மறுபடி அவர் தோளில் போட்டாள்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்வம்."

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தங்கள் மணம் குட்டிப் பக்கம் போகாதபடி அவரைத் தூரக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு ஓக் மரம் விழுந்து கிடந்தது. இருவரும் அதன் பின்னால் உட்கார்ந்தார்கள். மரத்துக்கு மேலால் பார்த்தால் குட்டி கிடந்த இடம் தெரிந்தது.

கால் மணி போனது. தூறல் தொடங்கியது. தவமலர் பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். பிறகு அதைப் பார்த்தார். பிறகு குட்டி கிடந்த பக்கம் பார்த்தார்.

"இதை அதுக்கு மேலை வைச்சிட்டு வரட்டோ? தொடமாட்டன்."

"வேண்டாம் அன்ரி."

"நனையுது பிள்ளை."

"நனையட்டும்."

"நீ பிள்ளை பெறாதனி. உனக்கு விளங்காது."

"ஓம்" என்றாள் ஆரணி.

சொன்ன பிறகு தவமலருக்குத் தன் வாயின் மேலேயே வெறுப்பு வந்தது. குடையை நகர்த்தி அவள் தலைக்கும் பிடித்தார். இரண்டு பேருக்குமே பாதி முதுகு நனைந்தது.

அப்போது நரி வந்தது.

பகலில் வரும் நரி. வீட்டில் குட்டிகளுக்குப் பசி போலும். மெலிந்து, வால் மட்டும் பெரிதாக இருந்தது. மூக்கைத் தரையில் வைத்து, ஏதோ ஒரு மணத்தைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் வந்தது. வரும் வழி நேரே மான்குட்டி கிடக்கும் இடத்துக்குப் போனது.

தவமலர் வாயைத் திறந்தார். ஆரணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சத்தம் போட்டால் குட்டி எழும்பும்" என்றாள் காதோடு. "எழும்பினால் நரி கண்டிடும்."

தவமலர் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பயங்களைப் பார்த்த மனுஷி, ஒரு பூனை அளவு குட்டிக்காக அப்படிப் பயந்தார்.

நரி நின்றது. குட்டிக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழம்தான். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தது. குட்டி அசையவில்லை. நரி மறுபடி மூக்கைத் தரையில் வைத்தது. முன்பு பிடித்திருந்த அதே மணத்தைப் பிடித்துக்கொண்டு, குட்டியைத் தாண்டி, எதிரேயிருந்த புதரை நோக்கிப் போனது.

அந்தப் புதருக்குள்ளிருந்து பெண்மான் பாய்ந்தது.

நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. மான் அப்படிக் கத்தும் என்று தவமலருக்கு அன்றுதான் தெரியும். முன்னங்காலைத் தூக்கி அடித்து, நரியைத் துரத்திக்கொண்டு பாதையைக் கடந்து, வேலி வரைக்கும் போய்விட்டு வந்தது. வந்ததும் குட்டியிடம் போகவில்லை. மறுபடியும் அந்தப் புதரடியில் தள்ளி நின்று, காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு இருந்தது. நெடுநேரம் நின்றது.

தூறல் விட்ட பிறகு நடந்து வந்தது. குட்டி எழுந்தது. கால்கள் நான்கும் நான்கு பக்கம் போயின. ஒருவழியாக நின்று, தாயின் வயிற்றில் முட்டிப் பால் குடித்தது. தாய் அதன் முதுகை நக்கியது.

தவமலர் குடையை மடக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை.

குடித்து முடித்ததும் குட்டி வேறொரு பன்னத்தின் கீழ் போய்ப் படுத்துக்கொண்டது. தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்ப் புதருக்குள் மறைந்தது.

"திரும்பவும் விட்டிட்டுப் போகுது" என்றார் தவமலர்.

"நரி பிடிச்சுக்கொண்டு வந்தது தாயின்ரை மணத்தை அன்ரி. இவ்வளவு சின்னக் குட்டியிலை மணம் இல்லை. தாய் பக்கத்திலை படுத்தால் அந்த மணம் ரெண்டையும் காட்டிக்குடுக்கும்."

"அப்ப இவ்வளவு நேரமும் அந்தப் பத்தைக்குள்ளைதான் நிண்டதோ?"

"நாங்கள் வர முன்னமே நிண்டிருக்கும்."

"நான் சட்டையைக் கழட்டேக்கையும்?"

"அப்பவும்தான்."

தவமலர் குடையை மடக்கினார். மரத்தின் ஈரப் பட்டையை விரலால் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் போகேல்லைப் பிள்ளை."

ஆரணி திரும்பிப் பார்த்தாள்.

"தாய் நிண்டால் பெடியன் அழுவான், அழுதால் எல்லாம் பிடிபடும் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். அந்த மனுசிதான் அம்மா எண்டு அவன் சொல்லவேணும். நான் நிக்கக் கூடாது. அதாலை லொட்ஜ் வாசலிலை விட்டிட்டு விறுவிறெண்டு நடந்தனான். திரும்பிப் பாக்கேல்லை. றோட்டைக் கடந்தால் ஒரு சைக்கிள் கடை. ரயர் எல்லாம் வரிசையாத் தொங்கவிட்டிருந்தது. அதுக்குப் பின்னாலை நிண்டனான். அவன் வானுக்குள்ளை இருந்து திரும்பித் திரும்பிப் பாத்தவன். நான் அவனைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். வான் போனாப் பிறகும் நிண்டனான். கடைக்காரன் தண்ணி தந்தவன்."

"சேந்தன் அண்ணைக்கு இது தெரியாதோ?"

"தெரியாது."

"ஏன் சொல்லேல்லை?"

"அப்ப போன் கதைக்கக் கிடைக்கிறது அஞ்சு நிமிசம். அதிலை பாதி நான் அழுதிடுவன். இப்ப அவன் கேட்டாப் பிறகு சொன்னால் சாட்டுச் சொல்லுற மாதிரி இருக்கும். அனுப்பினது அனுப்பினதுதானே."

ஆரணி எழுந்து ஏணியை எடுத்தாள். பார்க்க வேண்டிய பெட்டிகள் இன்னும் மூன்று இருந்தன. தவமலரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாளியைத் தூக்கினார். குட்டி படுத்திருந்த பக்கம் போகாமல், சுற்றிப்போகும் பாதையில் நடந்தார்கள். பாதித் தூரம் போனதும் தவமலர் நின்றார்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ அன்ரி."

"தாய் பக்கத்திலைதான் நிண்டதெண்டு அந்தக் குட்டிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"வளந்தாப் பிறகாவது?"

"வளந்தாப் பிறகும் தெரியாது" என்றாள் ஆரணி. "மானாலை சொல்லேலாதே அன்ரி."