காரைப் புதரில் இரண்டு கொட்டாங்குச்சி

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தை நடத்திவந்தவர் உமையாள் அம்மை. வயது நாற்பதுக்குள். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்தபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்துவிட்டார்.

தியானத்தில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது. கண்ணை மூடினால் ரோடு ஓடியது.

"எனக்கு இது வரலைம்மா," என்றார்.

"அப்ப கண்ணைத் திறந்துக்கிட்டே உட்காருங்க," என்றார் அம்மை.

திறந்து உட்கார்ந்தபோது கொல்லைப்புறத்தில் குருவிகள் தெரிந்தன.

மறுநாள் இரண்டு கொட்டாங்குச்சிகளில் துளை போட்டு, கயிறு கோத்து, துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டார். தினையும் கம்பும் போட்டார். ஒரு மண்தட்டில் தண்ணீர் வைத்தார். எல்லாம் அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே, வெட்டவெளியில். பக்கத்தில் இருந்த முள் அடர்ந்த காரைப் புதர் பார்வையை மறைத்தது. அதில் பாதியை வெட்டித் தள்ளினார்.

பத்து நாளில் பறவைகள் பழகிவிட்டன. சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து கயிற்றில் வரிசையாகத் தொங்கின. தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டே தின்றன. ஒரு மைனா தினமும் தண்ணீர்த் தட்டுக்குள் இறங்கிக் குளித்துவிட்டு, மற்றவை குடிக்க ஒன்றும் மிச்சம் வைக்காமல் போனது. அதைப் பார்த்து மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்ததைச் சமையல்கட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை.

பிறகு வல்லூறு வந்தது.

முதல்முறை அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பாய்ந்தது. கொட்டாங்குச்சி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் மூன்று சில்லைகள் போயின.

உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார்.

"நான் வச்சது தீனியாம்மா, பொறியா?"

அம்மை எழுந்தார். மாசிலாமணியின் அறைக்கு வந்தார். ஜன்னலோரம் இருந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கம்பியையும் அதற்கு அப்பால் நின்ற இலுப்பை மரத்தையும் பார்த்தார்.

"இங்கேருந்து நல்லாத் தெரியுதே."

"தெரியணும்னுதானே அங்க கட்டினேன்."

"அந்த இலுப்பை மரத்து உச்சியிலேருந்தும் இப்படித்தான் தெரியும்."

அம்மை வெளியே போய்க் கம்பியிலிருந்து கொட்டாங்குச்சிகளை அவிழ்த்தார். காரைப் புதரின் வெட்டாத பாதிக்குள் கையை விட்டு, முட்களுக்கு நடுவே கட்டினார். வெளியே எடுத்த கையில் ரத்தக் கீறல்கள் இருந்தன.

"அங்க கட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"தெரியாது," என்றார் அம்மை.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் புதருக்குள் சலசலப்பு கேட்டது. மாசிலாமணிக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்துப் போனார். ஒரு கிளையை மெல்ல விலக்கினார்.

அத்தனை சில்லைகளும் ஒரேயடியாக வெளியே பறந்தன. வெட்டவெளியில் அவர் கண்ணெதிரே வல்லூறு ஒரு சில்லையைப் பிடித்துக்கொண்டு போனது.

அன்று அவர் சாப்பிட வரவில்லை. அம்மையும் கூப்பிட்டனுப்பவில்லை.

மறுநாள் காலையில் தானியம் வைக்க அவருக்குக் கை வரவில்லை. அள்ளிய தானியத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு புதருக்கு முன் வெகுநேரம் நின்றார். பிறகு முள்ளுக்குள் கையை விட்டுப் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அறைக்குப் போகவில்லை. கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம், புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்படியே பல நாள் போயிற்று.

ஒரு நாள் அந்த வழியாக வந்த அம்மை அவர் பக்கத்தில் நின்றார்.

"என்ன செய்யறீங்க?"

"சத்தம் கேக்குதான்னு பாக்குறேன். சில நாள் கேக்குது. சில நாள் காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கறதில்லை." கொஞ்சம் தயங்கினார். "கேக்காத அன்னிக்கு, அதுங்க வந்துச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சாயங்காலம் கொட்டாங்குச்சி காலியா இருக்கும்."

மாசிலாமணி யோசித்தார்.

"அணில் தின்னுட்டுப் போயிருந்தா?"

"இன்னொரு பிடி போடுங்க," என்றார் அம்மை.