கடலைக் கேட்ட அல்லி

குழந்தைகளே, ஒரு காடு கடற்கரை மணலில் வந்து முடிகிற இடத்தில் நல்ல தண்ணீர்க் குளம் ஒன்று இருந்தது. அதில் ஓர் அல்லிக்கொடி. குளத்தை ஒட்டிய மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரப் பாறையில் ஒரு பச்சைப் பாசி. இரண்டுக்கும் நடுவே போய்வந்தது ஒரு நண்டு. யார் உதவி கேட்டாலும் ஓடும். யோசிக்க மட்டும் அதற்கு நேரமே இருக்காது.

"அல்லியக்கா, பாசியும் உன்னைப் போலப் பச்சைதான், தண்ணீரில்தான் இருக்கிறாள். ஆனால் வேரும் இல்லை, கிழங்கும் இல்லை. உடம்பாலேயே தண்ணீர் குடித்துக்கொண்டு நாளெல்லாம் அலையில் ஆடுகிறாள்!" என்றது நண்டு.

அன்று முதல் அல்லிக்குச் சேறு கசந்தது. மணல்மேட்டைத் தாண்டி வரும் அலைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாத கடலை நினைத்து ஏங்கியது.

"தம்பி, என் தண்டை அறுத்து என்னையும் கடலில் விட்டுவிடேன்."

பாறையில் பாசியும் நண்டிடம் கெஞ்சியது. "அல்லியின் பூ, பூ என்கிறாயே, அது எப்படி இருக்கும்? அதைத் தேடி வண்டெல்லாம் வருமாமே! என்னைத் தேடி யாருமே வந்ததில்லை. ஒரே ஒரு முறை அவளைப் பார்க்க வேண்டும்."

"இதென்ன பெரிய காரியம்! இரண்டு தண்ணீரிலும் நான் இறங்குகிறேனே, எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று நண்டு பாசியைப் பிடுங்கிக் குளத்துக்குத் தூக்கி வந்தது.

"இதுதான் பூவா!" பாசி வைத்த கண் வாங்காமல் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பச்சை வெளுத்தது, உடல் துவண்டது. உப்பில்லாத தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நண்டு அதைக் கவனிக்கவே இல்லை. "அடுத்தது நீதான், அக்கா!" என்று அல்லியின் தண்டில் கொடுக்கை வைத்தது.

"நிறுத்து தம்பி! அவள் சாகிறாள், பார்! உடனே கடலுக்குக் கொண்டுபோ!"

"அப்படியானால் உன் ஆசை?"

"ஆசை இருக்கத்தான் செய்கிறது. என் வேர் இங்கேயே இருக்கட்டும். இந்தப் பூவை மட்டும் கிள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போடு."

நண்டு பாசியையும் பூவையும் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடியது. உப்புத் தண்ணீர் பட்டதும் பாசிக்கு உயிர் வந்தது. நண்டு அதைப் பாறை இடுக்கில் பத்திரமாகச் செருகியது. பக்கத்தில் மிதந்த பூவை ஓர் அலை வந்து கொண்டுபோனது.

மறுநாள் நண்டு குளத்துக்கு வந்தது. "அக்கா, அவள் பிழைத்துவிட்டாள். உன் பூ கடலுக்குள் போய்விட்டது."

அல்லி மெதுவாகக் கேட்டது: "அலை அதை எப்படித் தூக்கியது, தம்பி? இன்னொரு முறை சொல்லேன்."

நீதி: ஏங்குவதில் தவறில்லை, ஆனால் ஏங்குகிற இடமெல்லாம் நாம் வாழ்கிற இடமாகிவிடாது.