டின்னில் கிடந்த ஓரங்கள்

முதல் அநியாயம், தீப்பெட்டி ஒட்டும் பசையில் மயில்துத்தத்தை அளவில்லாமல் கலந்தது. பெண்களின் நகக்கண் அழுகியது.

இரண்டாவது, அழுகிய விரலைக் காட்டி நியாயம் கேட்ட அன்றே தீப்பெட்டி ஆபீஸ் கதவைப் பூட்டியது.

மூன்றாவது, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பேசியவரின் காறை எலும்பைப் போலீஸ் தடி முறித்தது.

நான்காவது, அவர் சிறையில் கிடந்தபோது, வெளியே இருந்தவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

ஐந்தாவது, பல வருடம் கழித்துச் சங்கம் வெளியிட்ட பொன்விழா மலரில், ஊர்வலப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டிவிட்டு, உயர்த்திய முஷ்டியை மட்டும் ஓரத்தில் விட்டுவைத்தது.

இந்த ஐந்தையும் இதே வரிசையில்தான் சொல்வார் கொண்டல்சாமி. நடுவில் யாராவது மூன்றாவதைப் பற்றி விளக்கம் கேட்டால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது.

ஐந்தாவது அநியாயம்தான் அவரைக் கோவில்பட்டியில் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடிக்கு ஏற்றியது. அங்கே சனிக்கிழமை சாயங்காலங்களில் ஜெபக்கனி டீச்சர் வாழ்த்து அட்டை செய்யவும், போட்டோக்களை அலங்கரித்து ஒட்டி ஆல்பம் தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தார். டீச்சருக்குக் கொண்டல்சாமியின் மகள் வயதுகூட இருக்காது. மற்றவர்கள் பிறந்தநாள் அட்டைக்குக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் தன் அநியாயங்களுக்குத் தங்க பார்டர் கட்டினார்.

"அவங்க மலர் போட்டாங்க. நான் ஆல்பம் போடுறேன்" என்றார் முதல் நாளே. "சங்கத்து ஆண்டு விழா அன்னைக்கு, எல்லாத் தோழர்களுக்கும் முன்னால மேசையில வைப்பேன். நான் அங்க இருந்தேனா இல்லையான்னு கண்ணால பாத்துக்கிடட்டும்."

அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"படத்துல எதை வெட்டணும், எதை விடணும் டீச்சர்?"

"பாக்குறவங்க கண்ணு எங்க போய் நிக்கணுமோ, அதை விடுங்க ஐயா. மிச்சத்தை வெட்டுங்க. ஆனா நகல் எடுத்துட்டு வெட்டுங்க."

"நகலுக்குச் சாட்சி மதிப்பு கெடையாது. அசலைத்தான் வெட்டுவேன்."

"அப்ப வெட்டுனதைத் தூக்கிப் போடாதீங்க."

டீச்சர் ஒரு காலி பிஸ்கட் டின்னை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த வகுப்பில் ஆளுக்கு ஒரு டின். யார் வெட்டிய துண்டும் தரையில் விழக் கூடாது.

கொண்டல்சாமி தயங்காமல் வெட்டினார். கண் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆறு வாரத்தில் ஒன்பது பக்கம் முடிந்தது. ஒன்பதிலும் நடுவில் அவர்.

கடைசி வகுப்பு. மறுநாள் ஆண்டு விழா. இன்னும் ஒரு பக்கம் பாக்கி. கொண்டல்சாமியால் உட்காரமுடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். கையில் இருந்த கத்தரிக்கோல் வெறுமனே காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

"தோழரே, செத்த உக்காருங்க" என்றார் கோமு. தபால் ஆபீசில் வேலை. வாய் மட்டும் ஓய்வே எடுக்காது. "நீங்க நடக்குற நடையில மேசை ஆடுது. என் ரோஜாப்பூ தாமரையாயிரும் போல."

"பூ ஒட்டுறவங்களுக்கு அவசரம் புரியாதும்மா."

"உங்க புரட்சிக்கு ஜிகினா குடுத்தது நாந்தான். மறந்துறாதீங்க."

கொண்டல்சாமி நடையை நிறுத்தினார். டீச்சரிடம் போய், பையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை உருவினார்.

"கடைசிப் பக்கத்துக்கு என் படத்தைப் பெருசு பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

"கடைசிப் பக்கம் டின்னுல உள்ளதை வச்சுத்தான் ஐயா. இங்க எல்லாருக்கும் அதுதான்."

"அதுல என்ன இருக்கு? குப்பை."

டீச்சர் டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். குப்புற விழுந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கறுப்பு வெள்ளை ஓரங்கள். ஏழு இருந்தன. ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார்.

கோமு எட்டிப் பார்த்தார். "என்ன, ஏழுலயும் ஒரே ஆளா இருக்கு?"

ஒல்லியான ஒரு பெண். ஒன்றில் பாதி முகம். ஒன்றில் இடுப்பும், இடுப்பில் ஒரு பெட்டியும். ஒன்றில் தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் அதே பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வயர் வந்து, வெட்டிய ஓரத்தில் நின்றுபோயிருந்தது.

"தலையில என்ன ஐயா அது?"

"கார் பேட்டரி."

"எதுக்கு?"

"மைக்குக்கு. நான் பேச ஆரம்பிச்சா கரண்டை நிறுத்திருவானுங்க. அதான் பேட்டரி."

"சுமக்குறது யாரு?"

"பேட்டரியம்மா."

"பேரு?"

"பேட்டரியம்மான்னா ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியலையே ஐயா."

கொண்டல்சாமி ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் அவர் தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. போட்டோவில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தார். இரண்டாம் பக்கத்திலும் அந்தக் கோடு. மூன்றாம் பக்கத்தில் அது கண்ணை உறுத்துகிறது என்று கோமுவிடம் கேட்டு வாங்கிய ஜிகினா நட்சத்திரத்தை அதன் மேல் ஒட்டியிருந்தார். நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வயர்.

"முதல் அநியாயம்" என்று ஆரம்பித்தார், யாரிடமென்று இல்லாமல். அதற்கு மேல் வரிசை வரவில்லை.

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

டின்னின் அடியில் பழுப்பு நிறத்தில் இன்னொரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைக் கிழியாமல் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது எழுத்து, ஐயா."

கொண்டல்சாமிக்கு அது என்னவென்று தெரியும். பூட்டிய கதவுக்கு முன்னால் பேசியதற்காகப் போட்ட வழக்கின் குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்களை எதிரி என்று எழுதுவது போலீஸ் வழக்கம். 'முதல் எதிரி: கொண்டல்சாமி' என்ற வரியை எத்தனையோ மேடைகளில் வாசித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் அந்த வரி தங்கக் காகிதச் சட்டத்துக்குள் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இருந்ததையும், அதற்கு மேலேயே கத்தரிக்கோலை ஓட்டியதையும் இப்போதுதான் பார்த்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பழுப்புத் துண்டைக் கொண்டுபோய்ச் சட்டத்துக்குக் கீழே வைத்தார். விளிம்போடு விளிம்பு சரியாகப் பொருந்தியது.

"போலீஸ்காரன் அவ பேரை எழுதி வச்சிருக்கான்" என்றார் மெதுவாக. பிறகு, "இதை எங்க ஒட்டணும் டீச்சர்?"

"ஒட்டுறது அப்புறம். முதல்ல வாசிங்க. எல்லாரும் இருக்கோம்."

கத்தரிக்கோல்கள் நின்றன. கோமு பசைப் பிரஷைக் கீழே வைத்தார்.

கொண்டல்சாமியின் வலது கை தானாக மேலே எழுந்து, வாய்க்கு முன்னால் வந்து, எதையோ பிடித்தாற்போல மூடிக்கொண்டது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சத்தமா ஐயா" என்றார் டீச்சர். "இங்க மைக் கெடையாது."

அவர் கையை இறக்கினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

"இரண்டாம் எதிரி. வயது இருபத்தாறு. தீப்பெட்டி ஒட்டும் தொழில்" என்று வாசித்தார். "பெயர், வெயிலுகந்தம்மாள்."